வாக்கிழந்த தேசாதிபதி
டொரிங்டன் பிரபுவின் சரிதம்

அக்கரப்பத்தனைப் பக்கம் சென்று வந்தோர் டொரிங்டன் என்னும் தேயிலைத் தோட்டத்தின் பெயரைக் கேட்டிருப்பர். 1948ஆம் ஆண்டில் இலங்கையின் சுதந்திர வைபவம் நிகழ்ந்த கொழும்பு மைதானமும் அந்நாளில் டொரிங்டன் சதுக்கம் என்றே வழங்கிற்று. பின்னரே அது சுதந்திர சதுக்கம் ஆயிற்று. அப்பெயர் கொண்ட தேசாதிபதி ஒருவர் இம்மலைநாட்டை ஆண்டு, மூன்றரை ஆண்டு நிறையுமுன்னே நம்பிக்கை இழந்து தாயகம் மீண்ட கதையை அறிந்தோர் இன்று சிலரே.

விழா மலர்களிற் போற்றத்தக்க பெரியோரின் சரிதங்களே இடம்பெறுதல் மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகி, தவறிய ஒருவரின் வாழ்க்கையை எம் பழைய மாணவர் முன்னும் இளைய மாணவர் முன்னும் வைக்கத் துணிந்தோம். உயர்ந்தோர் வாழ்வைக் கண்டு நடத்தல் ஒரு கல்வி. வீழ்ந்தோர் எவ்விடத்தில் இடறினர் என்று கண்டு விலகுதல் மற்றொரு கல்வி. நாளை சபைகளிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்கவிருக்கும் இளைஞருக்கு இரண்டாவது கல்வியும் வேண்டியதே.

டொரிங்டன் பிரபுவின் இயற்பெயர் ஜோர்ஜ் பிங் என்பது. 1812ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி பிறந்த அவர், 1831இல் ஏழாவது டொரிங்டன் பிரபுவாகப் பட்டமெய்தினார். முதலாம் டொரிங்டன் பிரபு கடற்படையாற் பெயர் பெற்றவர். அவருடைய மைந்தர்களுள் ஒருவரான ஜோன் பிங் என்னும் கடற்படைத் தளபதி, மினோர்க்கா தீவை மீட்கத் தம்மால் இயன்றதைச் செய்யவில்லை என்று இராணுவ நீதிமன்றத்தாற் குற்றங் காணப்பட்டு, 1757இல் தம் நாட்டுக் கப்பலின் தளத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தண்டனை மிகையென்று இங்கிலாந்திற் பலர் அன்றே வருந்தினர். இராணுவ நீதிமன்றத்தின் விரைவு எத்தகைய கொடுமைக்கு இடமாகும் என்பதைத் தம் குலத்தின் கதையாகவே அறிந்திருந்த ஒருவர், இலங்கையில் அதே நீதிமன்றங்களைத் தயங்காது ஏவினார் என்பது எண்ணத்தக்கது.

1847ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி அவர் இலங்கைத் தேசாதிபதியாகப் பதவியேற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்துநான்கு. குடியேற்ற நாடொன்றை ஆண்ட அனுபவம் எதுவும் அவருக்கு இருந்ததில்லை. அந்நாளில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக விளங்கிய ஜோன் ரசல் பிரபு அவருக்கு உறவினர். தகுதியால் வந்ததோ உறவால் வந்ததோ என்ற ஐயம் அவர் கப்பலேறு முன்னரே அப்பதவியைச் சூழ்ந்துகொண்டது. குடியேற்ற நாட்டு மந்திரியான கிரே பிரபு தந்த கட்டளைகளும், இலங்கையில் ஏற்கெனவே குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாக அமர்ந்திருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் அவர்களின் அறிவுரையுமே அவருக்கு வழித்துணை.

அவர் வந்த காலமும் நற்காலமன்று. கண்டிச் சீமையின் மலைகளிற் காடழித்துக் கோப்பி நட்டோர் அதுவரை பெரும்பொருள் குவித்து வந்தனர். 1840ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டத்தினால், உரித்து நாட்ட இயலாத கிராமத்தவரின் காடும் சேனையும் முடிக்குரிய நிலமாகித் தோட்டங்களாயின. உத்தியோகத்தர் பலரே நிலம் வாங்கித் தோட்டத் துரைமாராயினர். 1847இற் கோப்பியின் விலை சரிந்தது. கடன்பட்டு நட்டவர் கைவிட்டோடினர். தோட்டங்கள் பல காடாயின. அரசாங்கத்தின் வருமானம் சுருங்கிற்று.

இங்கே நம் முன்னோரையும் நினைத்தல் வேண்டும். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களினின்றும் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாய்த் தம்புள்ளை, மாத்தளை என மலையேறியவர் அவர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியெங்கும் அவரைத் தின்றன. 1841க்கும் 1848க்கும் இடையில் அவருள் எழுபதினாயிரம் பேர், அதாவது வந்தவரில் நான்கிலொரு பங்கினர், மாண்டிருக்கலாம் என்று 1849இற் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்கிட்டு எழுதிற்று. இவ்வெண்ணை வாசகர் மனத்திற் கொள்க; முடிவில் இதற்கு மீண்டு வருவோம்.

வெறுமையான திறைசேரியை நிரப்பவேண்டிய தேசாதிபதி இரு காரியங்கள் செய்தார். வணிகத்தை ஊக்குவிக்கும் பொருட்டுக் கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார். குறைந்த வருமானத்துக்கு ஈடாகக் குடிகள் மீது புதிய வரிகள் விதித்தார். துவக்கு வைத்திருப்போன் ஆண்டுதோறும் இரண்டு சிலிங் ஆறு பென்ஸ் செலுத்தல் வேண்டும். நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங். கடை வைத்திருப்போன் ஒரு பவுண். பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டுதல் வேண்டும். கையிற் காசு காண்பதே அரிதான கண்டிக் கிராமத்தவனுக்கு இவை சிறு தொகைகளல்ல. பன்றியும் யானையும் பயிரழிக்கும் நாட்டில் நாயும் துவக்கும் ஆடம்பரப் பொருள்களுமல்ல. அத்துடன், மக்களையும் மரங்களையும் மாடுகளையும் எண்ணி எழுதுமாறு அதே வேளையில் ஒரு கணக்கெடுப்பும் தொடங்கவே, எண்ணப்படுவதெல்லாம் வரிக்குரியது என்ற வதந்தி ஊரூராய்ப் பரவிற்று.

வரி மாத்திரம் காரணமென்று கூறல் பொருந்தாது. 1815ஆம் ஆண்டு கண்டிப் பிரதானிகளுடன் செய்த உடன்படிக்கையிற் பௌத்த சமயத்தைப் பேணுவதாக ஆங்கிலேயர் வாக்களித்திருந்தனர். 1847இல் இலண்டன் கட்டளைப்படி அப்பொறுப்பினின்றும் அரசாங்கம் விலகிக்கொண்டது. எழுதிக் கையொப்பமிட்ட வாக்கை அரசாங்கம் மீறிவிட்டது என்ற மனத்தாங்கல் கண்டியரின் உள்ளத்தில் ஊறியிருந்தது. அந்நிலையிலே, வரிகளை இறக்குவோம் என்றோ வதந்திகள் பொய்யென்றோ அரசாங்கம் எதைச் சொன்னாலும் நம்புவார் இலராயினர். வாக்கு ஒரு முறை தவறியவன் அடுத்த முறை மெய்யே சொல்லினும் அது பொய்யாகவே கேட்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

1848 ஜூலை 6ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன் பெருங்கூட்டம் திரண்டது. அம்மாதம் 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா என்பவர் அரசராக முடிசூட்டப்பட்டார். 28ஆம் திகதி கிளர்ச்சியாளர் மாத்தளையுட் புகுந்து அரசாங்கக் கட்டிடங்களையும் கோப்பிக் களஞ்சியங்களையும் சூறையாடினர். மறுநாள் வாரியப்பொல தோட்டத்தருகிற் படையினர் அவர்களை எதிர்கொண்டனர். ஒழுங்கான ஆயுதமும் பயிற்சியும் இல்லாத கூட்டம் சிறிது நேரத்திற் சிதறியோடிற்று. ஓரிரு நாட்களிற் குருநாகலிலும் அவ்வாறே முடிந்தது. அரச படையில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இவ்விடத்திலே டொரிங்டன் பிரபு நின்றிருப்பாராயின் வரலாறு அவரை மறந்திருக்கும், மன்னித்துமிருக்கும். திறைசேரி வெறுமையானது அவர் குற்றமன்று. வரிகள் அறிவீனமானவை எனினும், அறிவீனத்துக்காக எந்த ஆள்வோனும் நெடுங்காலம் பழிக்கப்படுவதில்லை. ஆனால், ஜூலை 29இற் பிரகடனஞ் செய்த இராணுவச் சட்டத்தை, கிளர்ச்சி அடங்கிய பின்னரும், ஒக்டோபர் 10ஆம் திகதி வரை அவர் நீடிக்க விட்டார். சிவில் நீதிமன்றம் கண்டியில் வழக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், அதே நகரில், இளம் படையதிகாரிகள் அமர்ந்த இராணுவ நீதிமன்றங்களும் மரண தண்டனை விதித்துக்கொண்டிருந்தன. பிரதம நீதியரசர் சேர் அன்ரனி ஒலிபன்ற் தாம் தண்டித்தோருக்கே கருணை காட்டுமாறு பரிந்துரைத்தார். இராணுவ நீதிமன்றங்களோ பதினெட்டுப் பேரைச் சுடுவித்தன. மொறட்டுவையைச் சேர்ந்த புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கிராமத்தவரின் நிலமும் தானியமும் மாடுகளும் பறிமுதலாகி ஏலத்திற் போயின.

ஓகஸ்ட் 26ஆம் திகதி குடாபொல தேரர் என்னும் பிக்கு, துறவாடை களையாமலே சுடப்பட்டார். அவர் குற்றமற்றவராயிருக்கலாம் என்ற ஐயத்தைக் கேள்வியுற்ற இராணியின் அப்புக்காத்து செல்பி, தேசாதிபதியிடம் நேரே சென்று தண்டனையைச் சிறிது ஒத்திவைக்குமாறு வேண்டினார் என்றும், நாட்டிலுள்ள பிரக்கிராசிமார் எல்லாரும் ஒருவாய்ப்பட உரைப்பினும் அவர் மறுநாட் காலையிற் சுடப்படுவது உறுதியென்று தேசாதிபதி விடையிறுத்தார் என்றும் பின்னர்க் குற்றச்சாட்டு எழுந்தது. உயிரைப் பறிக்கும் அதிகாரம் கையிலிருக்கையில் ஓரிரவு பொறுத்திருக்க மறுத்தார் என்னும் இந்தப் பழியே ஏனைய எல்லாவற்றிலும் மேலாக அவரைத் தொடர்ந்தது.

கொங்காலேகொட பண்டா செப்டெம்பர் 21ஆம் திகதி எல்கடுவையிற் பிடிபட்டார். இராணுவச் சட்டம் நீங்கிய பின் உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டமையால் அவருடைய மரண தண்டனை குறைக்கப்பட்டு, நூறு கசையடியுடன் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கே 1849இற் காலமானார். முடிசூடியவர் உயிர் தப்பினார். அவர் பின்னே சென்ற ஏழை எளியோர் சுடப்பட்டனர். காலமும் நீதிமன்றமும் மாறியதே இவ்வேற்றுமைக்குக் காரணம். இதைக் கண்ட மக்கள் அரசாங்கத்தின் நீதியை எங்ஙனம் நம்புவர்?

செய்தி இலண்டனை எட்டிற்று. ஐரிஷ்காரரான வைத்தியர் கிறிஸ்தோபர் எலியற் நடத்திய ஒப்சேவர் பத்திரிகை தேசாதிபதியை விடாது சாடிற்று. இலங்கையினின்றும் விண்ணப்பங்கள் சென்றன. பாராளுமன்றத்தில் ஹென்றி பெய்லியும் ஜோசப் ஹியூமும் இவ்விடயத்தைக் கையிலெடுத்தனர். 1849இற் பொதுமக்கள் சபை விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. பீல், கிளாட்ஸ்டன், டிஸ்றேலி போன்ற பெருந்தலைவர்கள் அதில் அமர்ந்தனர் என்றால், மாத்தளைக் கிராமத்துத் துயரம் எவ்வளவு தூரம் கேட்கப்பட்டது என்பது விளங்கும்.

விசாரணையிலே வெளிவந்தவை இருவகை. முதலாவது, நடந்த கொடுமை. மாத்தளையிற் படைக்குத் தலைமை தாங்கிய கப்டன் உவாட்சன், சொத்துக்களை மறைப்போரை மரணத்தைக் காட்டி அச்சுறுத்தும் அறிவித்தல்களைச் சிங்களத்தில் வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. அக்கையொப்பம் தம்முடையதன்று என அவர் மறுத்தார். மெய்க் கையொப்பமோ பொய்க் கையொப்பமோ என்பதே இங்கிலாந்திலும் இலங்கையிலும் பெருவழக்காய் நீண்டது. அரசாங்கத்தின் பெயரால் வெளிவந்த ஓர் அறிவித்தல் மெய்யோ போலியோ என்று அரசாங்கமே நிச்சயிக்க மாட்டாது திகைத்தமை, அந்நிருவாகம் எவ்வளவு சீர்கெட்டிருந்தது என்பதைக் காட்டிற்று.

இரண்டாவதே அவரை வீழ்த்தியது. டொரிங்டன் பிரபு, தெனன்ற், அரசாங்க உத்தியோகத்தரான பிலிப் உவுட்ஹவுஸ் ஆகியோரிடையே நடந்த அந்தரங்கக் கடிதப் போக்குவரத்து குழுவின் முன் வந்தது. வெளியுலகுக்கு ஒருமித்த அரசாங்கமாய்க் காட்சியளித்தவர், மறைவில் ஒருவர்மேல் ஒருவர் குறை கூறியும் பழி சுமத்தியும் எழுதியிருந்தமை அம்பலமாயிற்று. அதிகார பூர்வமான அறிக்கைகள் ஒன்று சொல்ல, நண்பர்க்கெழுதிய தாள்கள் வேறு சொல்லின. அன்று முதல் தேசாதிபதியின் அறிக்கைகள் எவையும் அவற்றின் முகமதிப்புக்கு ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அவர் கூறியவற்றுள் மெய்யும் இருந்திருக்கும். கிளர்ச்சி பெருகின் மலைநாடெங்கும் குருதி சிந்தியிருக்கும் என்ற அவருடைய வாதத்தில் ஓரளவு உண்மையுமிருக்கலாம். ஆனால் அதனை எடைபோட்டுப் பார்க்கும் பொறுமை கேட்போர்க்கு இல்லாது போயிற்று.

குழுவின் அறிக்கை 1850இல் வந்தது. நேரிற் சென்று ஆராய இராச ஆணைக்குழுவொன்றை அனுப்புதல் தகும் என அது கருதிற்று. ஆணைக்குழு சென்றால் வெளிவருவன இன்னும் எவையோ என்று அஞ்சிய மந்திரிசபை, தேசாதிபதியைப் பதவி விலகச் செய்வதே எளிதென்று கண்டது. 1850 ஒக்டோபர் 18ஆம் திகதியுடன் அவருடைய ஆட்சி முடிந்தது. தெனன்றும் உவுட்ஹவுசும் இலங்கைச் சேவையினின்றும் நீக்கப்பட்டனர். மூவர் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துத் தம்மைக் காக்க முயன்றனர்; மூவரும் இலங்கையில் இருந்த இடம் இழந்தனர்.

மறு ஆண்டு ஏப்ரல் மாதம் டொரிங்டன் பிரபு பிரபுக்கள் சபையில் எழுந்து தம் செயல்களை நியாயப்படுத்திப் பேசினார். மே மாதம் பொதுமக்கள் சபையிற் பெய்லி கொணர்ந்த கண்டனப் பிரேரணை பெரும்பான்மை வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. எனவே சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி அல்லர். பிற்காலத்தில் விக்டோரியா இராணியாரின் அரண்மனைப் பணியிலும் அமர்ந்தார். 1884 ஏப்ரல் 27ஆம் திகதி மறையும் வரை செல்வமும் பட்டமும் அவரிடம் குறையவில்லை. எனினும் ஒரு நாட்டை ஆளும் பொறுப்பு மீண்டும் அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. வாக்கெடுப்பில் வென்ற மனிதர் நம்பிக்கையில் தோற்றே இருந்தார். நம்பிக்கையைப் பிரேரணையினால் நீக்கவும் இயலாது, வழங்கவும் இயலாது என்பதை அவருடைய எஞ்சிய முப்பத்துமூன்று ஆண்டுகள் கூறும்.

அவர் செய்த நன்மையும் அவ்விழப்பிற் புதைந்தது. துவக்கு வரியும் நாய் வரியும் கடை வரியும் நீங்கின. வீதிச் சட்டம் மாத்திரம், பிக்குமாருக்கு விலக்களித்துத் தொடர்ந்தது. அச்சட்டத்தின் உழைப்பால் மலைநாட்டில் வீதிகள் எழுந்தன. அவ்வழிகளிற் செல்வோர் எவரும் டொரிங்டனை வாழ்த்தியதில்லை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை வாரிற்று. அப்பிரபு மறைந்த நாளில், அவர் எக்கோப்பிக்காகத் தீர்வை நீக்கினாரோ அக்கோப்பி மலைகளில் அழிந்துகொண்டிருந்தது, தேயிலை எழுந்துகொண்டிருந்தது.

திருவள்ளுவனார் செங்கோன்மை என்னும் அதிகாரத்தின்பின் கொடுங்கோன்மையையும், அதன்பின் வெருவந்த செய்யாமையையும் அடுத்தடுத்து வைத்தார். ஆள்வோன் குடிகளை அஞ்சச் செய்தல் கொடுங்கோலின் வழித் தோன்றும் நோய் என்பது அவ்வைப்புமுறையே உணர்த்துவது. அஞ்சுவோர் மெய் பேசார். மெய் கேளாத ஆள்வோன் தன் சொல்லையே தான் கேட்டிருப்பான். டொரிங்டன் பிரபுவுக்கு நேர்ந்ததும் அதுவே என நாம் கருதுகிறோம்.

முன்னர்க் கூறிய எழுபதினாயிரம் என்னும் எண்ணுக்கு இப்பொழுது வருவோம். பதினெட்டுப் பேர் சுடப்பட்டமைக்காக ஒரு தேசாதிபதியும் இரு பெரும் உத்தியோகத்தரும் பதவியிழந்தனர், அது நீதியே. அதே ஆண்டுகளில், அதே மாத்தளை வழியில், பெயரும் பதியப்படாது மாண்ட நம் முன்னோரின் பொருட்டு எந்தத் தேசாதிபதியும் பதவி இழக்கவில்லை. முன்னையது ஊழல் என்று உலகறிய விசாரிக்கப்பட்டது. பின்னையது வழிப்பயணத்தின் செலவென்று கணக்கில் எழுதப்பட்டது. கண்டியர் சார்பில் எழுதப் பத்திரிகையும், விண்ணப்பிக்கப் பிரக்கிராசிமாரும், கேட்கப் பாராளுமன்ற உறுப்பினரும் இருந்தனர். வழியில் வீழ்ந்த கூலித் தொழிலாளிக்குக் கங்காணியின் பற்றுச்சீட்டையன்றி வேறு எழுத்து இருந்ததில்லை. ஆள்வோன் வாக்குத் தவறினான் என்று காட்டுதற்கு, அவ்வாக்கை வாசிக்கவும் அதனை நினைவிற் கொள்ளவும் எதிர்நின்று வினவவும் வல்லார் வேண்டும். அவரில்லாத இடத்தில் ஊழல் இல்லையென்பதன்று. ஊழல் வெளிவருவதில்லை என்பதே பொருள்.

லயத்தின் ஓரத்தில் ஒற்றை ஆசிரியரோடு தொடங்கிய பள்ளிக்கூடங்களிலிருந்து மலைநாட்டுப் பிள்ளைகள் கல்லூரி வாயில் வரை வந்து சேர்ந்த நெடுவழியை இவ்விழாக் காலத்தில் நாம் நினைக்கிறோம். எம் கல்லூரி தந்த எழுத்து, வினவுவதற்குரிய எழுத்து. அதனைக் கற்றோருள் வினவுவோர் பலர் தோன்றுவர். வினவப்படும் இடத்தில் அமர்வோரும் சிலர் தோன்றுவர். தொழிற்சங்கத்திலாயினும், பிரதேச சபையிலாயினும், பாராளுமன்றத்திலாயினும் அவ்விடத்தில் அமர்பவர், மேடையிற் கூறுவதும் மறைவில் எழுதுவதும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதை இச்சரிதத்தினின்றும் கொள்வாராக. தவறு நேர்ந்தால் அதனைத் தாமே முதலில் உரைப்பாராக. சந்தாக் காசு நீட்டும் கொழுந்தெடுக்கும் தாயின் கை, அக்காசோடு தன் நம்பிக்கையையும் சேர்த்தே நீட்டுகிறது. காசு குறைந்தால் மறுமாதம் நிரப்பலாம்.